பிழையே இல்லாத சிப்பு

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கழகத்தில் அதுவரை யாரும் சொல்லாத வாக்கியம் அது. நான் சொன்ன பிறகும் யாரும் நம்பவில்லை.

இது 1984. ஈப்போவில், தோட்ட மக்கள் நவீனக் கழகத்தின் மின்னணுப் பிரிவில் எனக்கு வேலை. மின்னணுப் பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும். கழகம் என்பது தோட்டத்து ஆட்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு. வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போன மூங்கில் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தை, அங்கே பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்களே உறுப்பினராகி வாங்கினார்கள். அன்றிலிருந்து அவர்கள்தான் முதலாளிகள். அவர்கள் வந்து ஏதாவது குறை சொன்னால், 'முதலாளியே குறை சொல்லலாமா?' என்று கழகம் கேட்கும். பாவம், அவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

மூங்கில் தோட்டத்து லயத்தில் அறுபத்திரண்டு வீடுகள். எல்லாருக்கும் தண்ணீர் ஒரே பம்பிலிருந்து. என் அக்கா செல்லாயியின் வீட்டுக்காரர் சீனி, பதினோரு வருஷமாக அந்தப் பம்பை ஓட்டிவந்தார். காலை ஐந்து மணிக்கு ஸ்விட்சைக் கீழே இழுப்பார். தொட்டி வழிகிற சத்தம் கேட்டால் மேலே தள்ளுவார். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. அதுதான் கழகத்தின் கண்ணை உறுத்தியது.

தலைவர் பெரியநாயகம் ஆண்டுக் கூட்டத்தில் பேசினார். "சீனி ஒரு மனிதர். மனிதர் என்றால் ஒரு நாள் காய்ச்சல் வரும். ஒரு நாள் மச்சினி கல்யாணம் வரும். இயந்திரத்துக்குக் காய்ச்சல் கிடையாது, மச்சினியும் கிடையாது. இனி நம் தண்ணீரை அறிவியல் கொடுக்கும்!" கைதட்டல் அடங்க நேரமானது. சீனி மச்சானும் தட்டினார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்கு உறைக்கவில்லை.

மறுவாரமே ஸ்விட்சைக் கழற்றினார்கள். மச்சானை மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். நான் செய்து கொடுத்த எலெக்ட்ரானிக் போர்டைப் பம்புக் கொட்டகையில் மாட்டி, கதவைப் பூட்டி, ஈய முத்திரை வைத்தார்கள். முத்திரையைத் தொடுகிறவர் உறுப்பினர் தகுதியையும் லயத்து வீட்டையும் இழப்பார் என்று அறிவிப்பு ஒன்றும் தொங்கியது.

அந்தப் போர்டில் கட்டைவிரல் அளவு ஒரு சிப்பு. அதற்குள்தான் பம்புக்கான கட்டளைகள் எல்லாம் இருக்கும். சிப்பின் நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல். எழுதியது தப்பென்றால் அல்ட்ரா வயலெட் விளக்குக்குக் கீழே இருபது நிமிஷம் வைக்க வேண்டும், ஜன்னல் வழியாக வெளிச்சம் போய் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பிறகு புதிதாக எழுதி, ஜன்னல்மேல் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் வெயிலில் விட்டால் வெயிலே நாளடைவில் துடைத்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. மொத்தம் அரை மணி நேர வேலை.

நான் செய்த தப்பு இதுதான். தொட்டி காலியானால் மோட்டார் ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும். அதைத் தலைகீழாக எழுதிவிட்டேன். போர்டை மாட்டிய அன்று தொட்டி காலி. முதலில் தொட்டி நிரம்பட்டும், அப்புறம் நிரப்புகிறேன் என்று மோட்டார் அசையாமல் நின்றது. கழகத்தின் புத்தி அதற்கும் வந்துவிட்டது.

ஓடினேன் தலைவரிடம். "சார், என் தப்பு. சிப்பை அழிச்சிட்டு மறுபடி எழுதணும். அரை மணி நேரம் போதும்."

தலைவர் பேனாவை மூடி வைத்தார். "என்ன சொன்ன? அழிக்கிறதா? கழகச் சொத்தையா?"

இப்படித்தான் அழிப்புக் குழு பிறந்தது.

குழு கூடுவதற்கே ஒன்பது நாள் ஆனது. அதுவரை லயத்துக்காரர்கள் அரை மைல் தள்ளியிருந்த பழைய ஈயக்குட்டையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். ஈயம் தோண்டி முடித்து விட்டுப்போன குட்டை அது. கரையெல்லாம் மணல், கால் வைத்தால் சரியும். எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. மச்சான் விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதனால் பகல் தண்ணீரை அக்காதான் சுமந்தாள். தோளில் காண்டாக் கட்டை, இரண்டு பக்கமும் தகர டின், வயிற்றில் ஏழு மாதம்.

குழுவில் ஐந்து பேர். கொட்டகையிலிருந்து சிப்பை மட்டும் கழற்றிவந்து, கதவுக்கு மறுபடி முத்திரை வைத்துவிட்டு, அதைத் தட்டில் வைத்துச் சுற்றுக்கு விட்டார்கள். ஒருவர் முகர்ந்தும் பார்த்தார்.

"பிழையை மட்டும் அழி" என்றார் தலைவர்.

"அப்படி முடியாது சார். அழிச்சா எல்லாம் சேர்ந்துதான் அழியும்."

"எத்தனை இருக்கு உள்ளே?"

"ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு எண்ணு சார்."

"ஒண்ணு செஞ்ச தப்புக்கு ரெண்டாயிரத்து நாப்பத்தேழு பேரைத் தண்டிக்கிறதா? இது கூட்டுறவு, அப்பாவு. நம்ம கொள்கை என்னாவது?"

கொள்கையைக் காப்பாற்ற மேலும் ஆறு நாள் ஆனது. கடைசியில் அனுமதி வந்தது, இரண்டு நிபந்தனைகளோடு. அழியப்போகிற எண்கள் அத்தனையையும் மூன்று பிரதி தட்டச்சு செய்து தர வேண்டும். அழித்த பிறகு, அழிக்கப்பட்டவற்றை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும்.

"அழிச்சது இல்லாமப் போயிரும் சார். ஒப்படைக்க ஒண்ணும் மிஞ்சாது."

"கழகப் பொருள் எதுவும் இல்லாமப் போறதில்லை. ஒரு பெட்டியில போட்டுக் கொடு."

என்ன செய்வது? இருபது நிமிஷம் விளக்கில் வைத்து அழித்தேன். ஒரு காலி அட்டைப்பெட்டியை ஒட்டி, 'அழிக்கப்பட்டவை' என்று எழுதி ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். ஸ்டோர் கீப்பர் உடையப்பன் இருபது வருஷ சர்வீஸ்காரர், லேசில் ஏமாற மாட்டார்.

"எத்தனை?"

"ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு, அண்ணே."

"எண்ணாம வாங்க மாட்டேன்லா. நாளைக்குக் கொறைஞ்சா எந்தலையில வந்து விழும்." பெட்டியைத் திறந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு மூடி, "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் சிரிக்கவில்லை. அன்று பதினேழாவது நாள். முந்தின நாள்தான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. "சும்மா லா, ஒண்ணுமில்ல" என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வீட்டில் குடிக்கக் கேட்டேன். பாதி டம்ளர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரின் அடியில் மணல் நின்றது.

அன்றே சிப்பைத் திருத்தி எழுதினேன். நேராக எழுதினேன். மேசைமேல் சோதித்தும் பார்த்தேன், அருமையாக ஓடியது. ஜன்னலில் கறுப்பு டேப் ஒட்டினேன். இனித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டியதுதான் என்று பையில் போட்டுக் கிளம்பினேன். வாசலில் சோதனைப் பிரிவு மேடம் எல்ஸி நின்றுகொண்டிருந்தார்.

எல்ஸி மேடம் கெட்டவர் இல்லை. விதி என்றால் அவருக்கு உயிர். கோயில் தேர்முட்டியில் விழுந்து கும்பிடுகிறவர்கள் மாதிரி விதிப்புத்தகத்தின் முன்னால் அவருக்குக் குரல் தழையும். "பன்னிரண்டாம் விதி" என்றார். "மூடியிருப்பது எதுவும் கழகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. மூடினால் உள்ளே ஏதோ மறைக்கிறோம் என்று உறுப்பினர்கள் நினைப்பார்கள்." சொல்லிக்கொண்டே நகத்தால் டேப்பை உரித்தார்.

"மேடம், உரிக்காதீங்க! வெளிச்சம் பட்டா அழிஞ்சிரும்!"

"வெளிச்சம் பட்டா அழியிற மாதிரி உள்ளே என்னத்த எழுதியிருக்கே?"

மேடம் தொடர்ந்தார். இருபத்தோராம் விதிப்படி, புதிய கருவி எதுவும் பதினான்கு நாள் உறுப்பினர் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதித் தரலாம். கட்டடத்தின் கிழக்குப் பக்கம், காலையிலிருந்து மத்தியானம் வரை வெயில் கொட்டுகிற முற்றத்தில் ஒரு பலகை உண்டு. மேற்கூரையும் கிடையாது. அதில் சிப்பை ஜன்னல் மேலே தெரியும்படி நூலால் கட்டித் தொங்கவிட்டார்கள்.

நான் குடை கொண்டுவந்து பிடித்தேன். அலுவலக நேரத்தில் குடை பிடித்ததற்கு மெமோ கொடுத்தார்கள். தொப்பியால் மூடினேன். 'பன்னிரண்டாம் விதி' என்று எடுத்துவிட்டார்கள். வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, பிள்ளையைக் கண்ணெதிரே நெருப்பில் வாட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு. தினமும் காலை எட்டு மணிக்கு வெயில் அந்தப் பலகைமேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பலகையில் சிப்பு தொங்கிய பத்தாவது நாள் அக்கா பஸ் பிடித்து வந்துவிட்டாள். வியர்த்துக் கொட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைவர் அறை முன்னால் நின்றாள்.

"ஐயா, இருபத்தேழு நாளாச்சு. லயத்துல பிள்ளைங்களுக்கு சொறி புடிச்சிருக்கு. குட்டைக் கரையில தெனம் யாராச்சும் வழுக்கி விழுறாங்க. சீலை மட்டும் ஒடைங்கய்யா, எங்க வீட்டுக்காரரே ஓட்டிருவாரு."

தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். அவர் யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார், அதில் குறையே சொல்ல முடியாது.

"அம்மா, யாருகிட்ட மன்றாடுறீங்க? இந்தத் தோட்டத்துக்கு நீங்கதான் முதலாளி. நான் உங்க வேலைக்காரன். சீல் யாருடையது? உங்களுடையது. உங்க சீலை நீங்களே ஒடைக்கச் சொல்லலாமா? வெள்ளைக்காரன் காலத்துல உங்களுக்குத் தண்ணி மட்டுந்தான் கிடைச்சது. இப்ப உரிமை கிடைச்சிருக்கு. தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். உரிமை அப்படியா?"

அக்கா மேசையில் இருந்த கூஜாவிலிருந்து அவரைக் கேட்காமலே ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தாள். இன்னொன்றும் ஊற்றிக் குடித்தாள். "நல்ல தண்ணிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஈப்போ சிலிபினில் என் வீட்டிலேயே இரு என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "அவரு மருந்தடிச்சிட்டு வந்தா மேலு கழுவத் தண்ணி வேணாமாடா?" என்று பஸ் ஏறிவிட்டாள்.

பதினான்கு நாள் முடிந்தது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை. எல்ஸி மேடம் சிப்பைப் படிக்கும் பெட்டியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் எஃப் எஃப், எஃப் எஃப் என்று வந்தது. எஃப் எஃப் என்றால் அங்கே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். பச்சைப் பிள்ளையின் சிலேட்டு மாதிரி கிடந்தது.

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாவு! முதல் தடவை நீ எழுதினதுல ஒரு பிழை இருந்தது. இதுல ஒரு பிழைகூட இல்லை. என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான சிப்பை நான் பார்த்ததே இல்லை."

"காலியா இருக்கு மேடம்! வெயில்ல எல்லாம் போயிருச்சு!"

"காலியா இருந்தா பிழை எங்கேயிருந்து வரும்? நீயே சொல்லு." சான்றிதழ் எழுதினார். ஏ கிரேடு. கழக வரலாற்றில் முதல் ஏ கிரேடு.

மறுபடி எழுத அனுமதி கேட்டேன். அழிப்புச் சான்று இருந்தால்தான் எழுதலாம் என்றார்கள். அழிப்புக் குழுவிடம் போனேன். அழிக்கப்போகிறவற்றின் பட்டியல் எங்கே என்றார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததை அழிக்கக் குழுவைக் கூட்ட முடியாது என்றார்கள். சரி, நானே கள்ளத்தனமாக எழுதிவிடலாம் என்று பார்த்தால், எழுதும் பெட்டியின் சாவி மேடத்தின் இடுப்பில். சிப்பு தலைவரின் இரும்பு அலமாரியில். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று, அதுவரை பத்திரமாக இருக்க வேண்டுமாம்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அக்கா குட்டையில் விழுந்தாள்.

கரை சரிந்துவிட்டது. காண்டாக் கட்டை தோளிலிருந்து நழுவவில்லை, இரண்டு டின்னிலும் தண்ணீர் நிறைந்து அவளைக் கீழே இழுத்திருக்கிறது. பின்னால் வந்த பக்கத்து வீட்டு வீரம்மாதான் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது மூக்கிலும் காதிலும் மணல் இருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். என் ஒரு எண் தப்பு. ஒரே ஒரு எண்.

மச்சான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலெல்லாம் மருந்து நாற்றம்.

"அப்பாவு, அந்தச் சிப்பு ஓடுமா?"

"ஓடாது மச்சான். செத்துக் கெடக்கு."

"விழா அன்னிக்கு சீலை ஒடைப்பாங்கதானே?"

"காலையில ஒடைச்சு, பூ ஜோடிக்க கதவைத் தொறந்து வைப்பாங்க."

"எவ்வளவு நேரம் தொறந்திருக்கும்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். ஏன் மச்சான்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றார். பதினோரு வருஷம் அவர் கையிலிருந்த பழைய ஸ்விட்சை இரும்புக் கடைக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். அவர் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். பால்மாவு டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருந்தார்.

நாற்பத்தேழாவது நாள் விழா. வாழைமரம், மேளம், மாலை எல்லாம் உண்டு. லயத்துப் பெண்கள், சிப்பை மறுபடி மாட்டிய போர்டுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். புதிதாக எது வந்தாலும், மோட்டார் சைக்கிளோ கிரைண்டரோ, அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதில் ஒரு சொட்டு சிப்பின் ஜன்னல்மேல் கச்சிதமாக விழுந்து அப்பிக்கொண்டது. நான் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் மூட விடாத ஜன்னலை ஒரு விரல் சந்தனம் மூடிவிட்டது. உள்ளேதான் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

தலைவர் பேசினார். "நாற்பத்தேழு நாள் நம் மக்கள் தண்ணீர் இல்லாமல் இருந்து காட்டினார்கள். எந்த நவீன நாட்டாலும் இது முடியுமா? அந்தத் தியாகத்தின் உச்சம்தான் இந்தப் பிழையற்ற சிப்பு!" பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மேளக்காரர் தூக்கிய குச்சியோடு நின்றார். கூட்டத்தில் மச்சானைத் தேடினேன், காணவில்லை.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். மோட்டார் உறுமியது. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துருத்தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். விழா முடியட்டும் என்று எந்த முதலாளியும் காத்திருக்கவில்லை. டின்னும் வாளியும் குண்டானுமாக ஓடினார்கள். வீரம்மா குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். தலைவர் என் முதுகில் தட்டி, "உன் உழைப்பு வீண் போகலை, அப்பாவு" என்றார்.

அன்று முதல் மச்சான் காலை ஐந்து மணிக்கு எழுந்து கொட்டகைக்குப் பின்பக்கம் போவார். எலிப்பொந்து வழியாக இரண்டு ஒயர் வெளியே வரும். அதன் நுனியில் பால்மாவு டின், அதற்குள் ஸ்விட்ச். இழுப்பார், வழிகிற சத்தம் கேட்டால் தள்ளுவார். பிறகு பெரட்டுக்குப் போய் மருந்தடிப்பார். முன்பக்கம் புது ஈய முத்திரையோடு கதவு பூட்டியிருக்கும். அக்காவுக்குப் பெண் பிறந்தது. குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டினோம்.

மூன்று மாதம் கழித்து எல்ஸி மேடம் அறிக்கை கொடுத்தார்: 'தொண்ணூறு நாளில் சிப்பு ஒரு தவறும் செய்யவில்லை.' கழகம் தீர்மானம் போட்டது. இதே சிப்பை அப்படியே பிரதி எடுத்து மற்ற பதினான்கு தோட்டங்களுக்கும் அனுப்ப வேண்டும். ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. அதற்கு ஒரு தனிப்பிரிவு, தலைவன் நான்.

நேரே தலைவரிடம் போனேன். "சார், அந்தச் சிப்புல ஒண்ணுமே இல்லை. சத்தியமாச் சொல்றேன்."

"பம்பு ஓடுதா இல்லையா?"

"ஓடுது சார்."

"ஒண்ணுமே இல்லாத சிப்பு எப்படி ஓட்டும்? வேற யாராவது ஓட்டுறாங்கன்னு சொல்ல வர்றியா?" பேனாவைத் திறந்தார். "பேரு சொல்லு, எழுதிக்கிறேன்."

மூன்று மாதப் பிள்ளையோடு அக்கா கழகத்தின் லயத்து வீட்டில்தான் இருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் பெட்டி இன்று கிளம்புகிறது, பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு. உடையப்பன் சிப்பை எண்ணிப் பார்த்து, பெட்டிமேல் முத்திரை குத்தி, 'உள்ளே பிழை எதுவுமில்லை' என்று மேலே எழுதிவிட்டார். என் கையெழுத்து மட்டும் பாக்கி. லாரி டிரைவர் ராஜு எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கிறான்.

"ராஜு, அந்தத் தோட்டத்துல பம்பு ஓட்டுறது யாரு?"

"பழைய ஆளா? போன மாசமே சிங்கப்பூருக்குப் போயிட்டாருலா அண்ணே."

"ஸ்விட்ச்?"

"அத அப்பவே இரும்புக் கடையில போட்டாங்களே. நாந்தான் ஏத்திக்கிட்டுப் போனேன்."

"பக்கத்துல ஈயக்குட்டை ஏதாச்சும் இருக்கா?"

ராஜு சிரித்தான். "அங்க ஏது ஈயக்குட்டை? எல்லாம் நெல்லு வயலு. பெரிய வாய்க்கா ஒண்ணு ஓடுது, வயலுக்குத் தண்ணி பாயிற வாய்க்கா."

"ஆழமா?"

"ஆளு முங்கும்லா. சீக்கிரம் போடுங்கண்ணே, மழை வருது."

போட்டேன்.